வேட்டியைப் பார், விளக்கு புரியும்!

கச்சேரி நடக்கும்போதே மேடைக்கு எதிரே உட்கார்ந்து வித்வான்களை வரைகிறவர்களுக்கு இந்த வாரம் பதில். கேள்விகள் அத்தனையிலும் குற்றவாளி ஒருவர்தான்: விளக்கு.

கே: பாடகரை வரைய உட்கார்ந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும் ஐயா? முகத்தையா, கையையா?
– ஓவிய மாணவர், கும்பகோணம்

ப: வேட்டியை! மேடையில் யாராவது ஒருவர் வெள்ளை வேட்டியில் இருப்பார். வெள்ளைத் துணி தன்மேல் விழுகிற ஒளியைப் பாகுபாடில்லாமல் திருப்பி அனுப்பும். ஆகவே விளக்கின் நிறம் என்ன என்பதை வேட்டி அப்படியே போட்டுக்கொடுத்துவிடும். வெண்ணெய் நிறத்தில் தெரிந்தால் மஞ்சள் போகஸ். நீலம் பாரித்தால் டியூப் லைட் அல்லது எல்.இ.டி. மடிப்புகளுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். இரண்டாவது விளக்கு அங்கே ஒளிந்திருக்கும். முகத்துக்கு அப்புறம் வரலாம். முகம் எங்கேயும் ஓடிவிடாது, தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

கே: பாடகியின் முகத்துக்கு எந்த ட்யூப் வாங்குவது? கடையில் ‘ஸ்கின் கலர்’ என்று ஒன்றை நீட்டுகிறார்கள்.
– இல்லத்தரசி, சேலம்

ப: நீட்டிய கையிலேயே திருப்பிக் கொடுங்கள் தாயே. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி ‘சதை நிறம்’ என்று விற்ற கிரேயானுக்கு 1962-லேயே ‘பீச்’ என்று பெயர் மாற்றிவிட்டது. எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன், கொஞ்சம் வெள்ளை. தமிழ்நாட்டு மேடையில் பாடுகிற எல்லா முகமும் இந்த நாலுக்குள் அடங்கும். எது எவ்வளவு என்பதை மேடை விளக்கிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் வேண்டாம்.

கே: நல்ல கறுப்பு நிறமுள்ள தவில் வித்வான் ஒருவரை மூன்று முறை வரைந்தேன். மூன்று முறையும் முகம் ஒரே இருண்ட திட்டாகிவிட்டது.
– பள்ளி ஓவிய ஆசிரியர், திருச்சி

ப: லாட்டரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறீர்கள் சார். மேடை ஒளியை வரைய விரும்புகிறவனுக்குக் கறுத்த மேனி பெரிய வரம். தோலின் உள்ளே போய் வருகிற ஒளிதான் தோலின் நிறத்தை வாங்கிக்கொண்டு வரும். மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கிற மினுக்கு விளக்கின் நிறத்திலேயே இருக்கும். கறுத்த மேனியில் அந்த மினுக்குதான் தூக்கலாகத் தெரியும்.

அடுத்த முறை அவருடைய வலது தோளை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். வியர்வை வழிகிற மேட்டில் போகஸ் விளக்கு எலுமிச்சை மஞ்சளாக நிற்கும். ஒரு விரல் தள்ளினால் செம்பழுப்பு. அதற்கும் கீழே முழங்கையை நோக்கி இறங்குகிற இடம் கரும் ஊதா. முதுகுப் பக்க விளிம்பில், பந்தல் கம்பத்தில் கட்டிய பச்சை டியூபின் ஒரு கீற்று. ஒரு தோளில் நாலு நிறம்! அடி விழும்போதெல்லாம் மஞ்சள் புள்ளி மட்டும் இடம் மாறும்.

மினுக்குக்கு வெறும் வெள்ளை வைக்காதீர்கள். நிழலுக்கு ட்யூபிலிருந்து கறுப்பைப் பிதுக்காதீர்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்த்தால் உயிருள்ள கறுப்பு வரும். திட்டு விலகிவிடும், மனிதர் வந்துவிடுவார்.

கே: கர்நாடகக் கச்சேரியா, மெல்லிசைக் கச்சேரியா? எது வரைய லகு?
– வங்கி ஊழியர், விருதுநகர்

ப: கர்நாடகம். அங்கே ராகம் மாறும், தாளம் மாறும், விளக்கு மாறாது.

கே: மெல்லிசைக் கச்சேரியில் பாட்டுக்குப் பாட்டு விளக்கை மாற்றிவிடுகிறார்களே! பல்லவியில் பச்சையாக இருந்த பாடகர் சரணத்தில் ரோஸ் ஆகிவிடுகிறார். நான் என்ன செய்ய?
– பொறியியல் மாணவி, கோவை

ப: அவரைத் துரத்தாதீங்க அம்மணி. முதல் இரண்டு பாட்டுக்கு வண்ணத்தையே தொட வேண்டாம். ஒரே ஒரு பழுப்பு நிறத்தை எடுத்து, வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பதை மட்டும் கட்டி முடியுங்கள். நிறம் மாறினாலும் மெயின் விளக்கு தொங்குகிற இடம் மாறாது. ஆகவே நெற்றியின் மேடும் தாடையின் நிழலும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். மூன்றாவது பாட்டில் மனசுக்குப் பிடித்த ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் வண்ணம் கொடுங்கள். மற்ற விளக்கெல்லாம் மற்றவர்களுக்கு.

ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்ற மகா ஓவியர் 1879 வாக்கில் பாரிஸ் சர்க்கஸ் கட்டடத்தில் பாதெலு இசைக்குழு ஒத்திகை பார்ப்பதை வரைந்தார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிற அந்தப் படம் ஏறக்குறைய முழுவதும் கறுப்பு, வெள்ளை, சாம்பல். வாத்தியம் ஒவ்வொன்றும் காதில் கேட்கிறது. வண்ணம் இல்லாமலே அந்த மனிதர் ஆர்க்கெஸ்ட்ராவை வாசித்துவிட்டார்; உங்களுக்கு ஏன் பச்சைக்கும் ரோஸுக்கும் நடுவில் பதற்றம்?

கே: பாடகி கட்டியிருந்தது அரக்குப் புடவை. சத்தியம் செய்வேன். என் படத்தில் அது கறுப்பாக இருக்கிறது. என் கண்ணில் கோளாறா?
– சங்கீத ரசிகை, மயிலாப்பூர்

ப: கண் ஒழுங்கு, புடவை ஒழுங்கு, விளக்கில்தான் சிவப்பு இல்லை. சிவப்புத் துணி சிவப்பு ஒளியைத்தான் திருப்பித் தரும். நீல விளக்கில் அது கேட்கிற சரக்கே கிடையாது, வெறுங்கையோடு நிற்கும். பார்த்தபடி கறுப்பாகவே வரையுங்கள். அரக்குதான் என்று காட்ட ஜரிகை இருக்கிறது. அது எந்த விளக்கையும் அந்தந்த நிறத்திலேயே எதிரொலிக்கும், நீல விளக்கில் நீலப் பொன்னாக.

கே: எம்.எஸ். ப்ளூ?
– ஒரே வரி வாசகர், மதுரை

ப: எம்.எஸ். அம்மாவுக்காகக் காஞ்சிபுரத்தில் முத்துச் செட்டியார் நெய்த நீலம். குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் நீலக் கதிர் குறைச்சல். ஆகவே அந்த நீலம் அங்கே மங்கி, சாம்பலை நோக்கி இறங்கும். சாம்பலும் நீலமுமாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு ஆரஞ்சுக் கரையை வையுங்கள். ஆரஞ்சு பக்கத்தில் உட்கார்ந்தால் சாம்பலே நீலமாகப் பாடும். இந்த வித்தையை 1839-லேயே ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு ரசாயனக்காரர் புத்தகமாகவே போட்டுவிட்டார். அவர் பாரிஸ் கோபலின் நெசவுச்சாலையின் சாயப் பிரிவை நடத்தியவர். பட்டுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்றல்ல.

கே: இதே புடவையைப் பற்றி எனக்கும் என் கணவருக்கும் சண்டை. அவர் பச்சை என்கிறார், நான் நீலம் என்கிறேன்.
– மாம்பலம் வாசகி

ப: 2015-ல் உலகமே ஒரு கவுனுக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பாதிப் பேர் வெள்ளை-பொன் என்றார்கள், பாதிப் பேர் நீலம்-கறுப்பு என்றார்கள். அசல் துணி நீலம்-கறுப்பு. போட்டோவில் விளக்கு எது என்று தெரியாததால் அவரவர் மூளை ஓர் ஒளியை ஊகித்துக்கொண்டது. புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரியுங்கள். சமாதானத்துக்குச் சூரியன் ஒரு பைசா வாங்குவதில்லை.

கே: சிறு வயதில் சாமி புறப்பாட்டின்போது பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாகஸ்வரம் பார்த்திருக்கிறேன். அந்த ஒளியை ஞாபகத்திலிருந்து வரைய ஆசை. எந்த நிறம்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

ப: ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் பேனாவை எடுத்தேன். பெட்ரோமாக்ஸின் உயிர் அந்தத் துணி மேன்டில். ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1891-ல் அதன் கலவையைக் கண்டுபிடித்தார்: தோரியம் ஆக்ஸைடு 99 பங்கு, சீரியம் ஆக்ஸைடு 1 பங்கு. அந்த ஒரு பங்கு சீரியத்தால்தான் வெளிச்சம் வெள்ளையாகப் பொங்குகிறது. லேசாகப் பச்சை தட்டும். வெள்ளையில் எலுமிச்சை மஞ்சளையும் ஒரு துளி பச்சையையும் கலந்தால் வந்துவிடும். நிழலுக்கு வெதுவெதுப்பான ஊதா.

ஆனால் அந்த இரவின் ரகசியம் நிறத்தில் பாதிதான். மற்ற பாதி உயரத்தில். விளக்கு ஆட்களின் தலைமேல் நடந்து வந்தது. ஆகவே ஒளி பக்கவாட்டில் பாய்ந்து, வாசிக்கிறவரின் நிழலை வீட்டுச் சுவர் உயரத்துக்குத் தூக்கியது; ஊர்வலம் நகர, நிழலும் திண்ணை திண்ணையாக நகர்ந்தது. ஆச்சா மரக் குழலின் கறுப்பில் ஒரே ஒரு நீள வெளிச்சக் கோடு. உப்பிய கன்னத்தில் வட்டமாக ஒரு மினுக்கு. இந்த இரண்டையும் சரியான இடத்தில் வைத்தால் மல்லாரி கேட்கும்.

கே: விளக்கு கீழிருந்து வந்தால் முகம் பேயாகத் தெரிகிறதே?
– நாடக மேடை ஓவியர், ஈரோடு

ப: நம் கண் சூரியனுக்குப் பழகியது. சூரியன் மேலே. நிழல் மூக்குக்குக் கீழே விழும் என்று மூளை முடிவு கட்டி வைத்திருக்கிறது. கீழிருந்து ஒளி வந்தால் தாடையும் மூக்குத் துவாரமும் பளிச்சிடும், புருவ மேடு இருண்டுவிடும், மூளை மிரளும். எட்கார் தெகா இதையே விரும்பிப் பிடித்துக்கொண்டார். பாரிஸ் கஃபேக்களில் வரிசையாக எரிந்த மேடையோரக் கேஸ் விளக்கில் பாடகிகளை வரைந்தார்: வாய் திறந்திருக்கும், தாடையின் அடிப்பகுதி எரியும். 1870 வாக்கில் அவர் வரைந்த ‘ஓபரா இசைக்குழு’வில் வாத்தியக்காரர்கள் கீழே இருட்டில், பாஸூன் வாசிப்பவர் நடுநாயகமாக. மேலே மேடை வெளிச்சத்தில் நடனப் பெண்களின் பாவாடைகள் மட்டும். தலைகளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டார். வெளிச்சம் யாருக்கு, படம் யாருக்கு என்பதை ஓவியன் தீர்மானிக்கலாம் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டுமா?

கே: முகத்துக்குப் பச்சை அடித்தேன். சபா செயலாளர் திட்டுகிறார்.
– காரைக்குடி

ப: பாரிஸின் ‘மூலான் ரூஜ்’ அரங்கைத் துலூஸ்-லோத்ரெக் 1892-லிருந்து 1895-க்குள் வரைந்த படத்தில், வலது ஓரத்தில் ஒரு பெண்ணின் முகம் கீழ்விளக்கில் பச்சையாக எரிகிறது. ஒரு காலத்தில் அந்த ஓரத்தையே வெட்டி எடுத்திருந்தார்கள், பிற்பாடு சேர்த்து ஒட்டினார்கள். இன்று சிகாகோவில் அந்தப் படத்தின் முன் நிற்கிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பச்சை முகத்தைத்தான். செயலாளரின் கையில் கத்தரிக்கோல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: கோயில் பிராகாரத்தில் மாலை கச்சேரி. இருட்ட இருட்ட, பாடகர் கழுத்திலிருந்த சிவப்பு அரளி மாலை கறுத்துப் போனது, இலைகள் மட்டும் பிரகாசமாகத் தெரிந்தன. இது என்ன மாயம்?
– திருநெல்வேலி

ப: பேர் வைத்த மாயம்: பூர்கின்யே விளைவு. செக் நாட்டு உடலியல் அறிஞர் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்தது. பகலில் கண்ணின் கூம்பு செல்கள் வேலை செய்கின்றன; வெளிச்சம் குறையும்போது கோல் செல்கள் பொறுப்பேற்கின்றன. கோல் செல்களுக்குச் சிவப்பு என்றால் என்னவென்றே தெரியாது. பச்சை-நீலம் பக்கம்தான் அவற்றின் பாசம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் செல்போனைப் பார்த்தால் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் சிவப்பு மாலையை ஆறு மணிக்கே போட்டு முடித்துவிடுங்கள். அல்லது ஏழு மணிக்குக் கறுப்பாகவே போடுங்கள். ஆறரைக்கு மட்டும் யோசிக்காதீர்கள்.

கே: சிவப்பு விளக்கு எரிந்தபோது சிவப்பு பென்சிலால் வரைந்தேன். தாளில் ஒன்றுமே தெரியவில்லை!
– நாகர்கோவில்

ப: தெரியாது. சிவப்பு ஒளியில் வெள்ளைத் தாளும் சிவப்பு, கோடும் சிவப்பு. விளக்கு மாறியதும் நீங்கள் போட்ட அத்தனை கோடும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றிருக்குமே, அது ஒரு தரிசனம்தான். சிவப்பு விளக்குக்கு நீலப் பென்சில் கொண்டு போங்கள். கறுப்பாகத் தெரியும், கோடு தப்பாது.

கே: என் பலகைமேல் மாட்ட எந்த விளக்கு நல்லது? வீட்டில் மஞ்சள் பல்புதான் இருக்கிறது.
– மன்னார்குடி

ப: அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே வெளிர்மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும், நீலம் கறுப்பில் ஒளிந்துகொள்ளும். வெள்ளை என்று நினைத்து மஞ்சளைக் குழைப்பீர்கள். நீலம் போதவில்லை என்று அள்ளி அப்புவீர்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் மஞ்சள் காமாலையும் நீலப் பிசாசும் சேர்ந்து பாடும். கிளிப் மாட்டிய சிறிய எல்.இ.டி. போதும்: 4000-லிருந்து 5000 கெல்வின், பெட்டியில் சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டி, ஒளி தாளில் மட்டும் விழும்படி செய்யுங்கள். பாடகரின் கண்ணில் அடித்தால் அவர் அனுபல்லவியை மறப்பார், உங்களை மறக்க மாட்டார்.

இன்னொன்று: தட்டில் எந்த வண்ணம் எந்தக் குழியில் என்பதை வாழ்நாளுக்கும் மாற்றாதீர்கள். இருட்டில் கண்ணைவிடக் கை நம்பகமானது.

கே: நீல விளக்கில் பாடகர் மங்கலாகத் தெரிகிறார். கண்ணாடியை மாற்ற வேண்டுமா?
– வேலூர்

ப: கண்ணாடிக்காரர் பிழைத்துப் போகட்டும், அவசரம் இல்லை. நம் விழித்திரையின் நட்டநடுப் புள்ளியில் நீலத்தை உணரும் செல்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. தவிர, கண் லென்ஸ் நீல ஒளியை அதிகமாக வளைத்துவிடுவதால் அது விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். நீலத்தில் மங்கல்தான் உண்மை. விளிம்புகளை ஈரத்தோடு கசிய விடுங்கள். அங்கே கூர்மையாகக் கோடு போட்டவன்தான் கற்பனை செய்கிறான்.

கே: எல்.இ.டி. வெள்ளை ஒளியில் பாடகர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவராகத் தெரிகிறாரே?
– சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர், பொள்ளாச்சி

ப: உங்கள் பார் லைட்டில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுதான் இருக்கிறதா? மூன்றையும் ஏற்றினால் வேட்டி வெள்ளையாகத் தெரியும். ஆனால் அந்த வெள்ளைக்குள் அசல் மஞ்சள் ஒளி கிடையாது. நம் ஊர் முகத்தின் களை அந்த மஞ்சள்-ஆரஞ்சுப் பகுதியில்தான் இருக்கிறது. அம்பர் சேர்ந்த விளக்கு கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். ஓவியர் பிழைத்துக்கொள்வார், பாடகரின் மாமியார் சந்தோஷப்படுவார்.

கே: அதே மேடையில் ஒரு ஊதா விளக்கு போட்டதும் வேட்டிகள் மட்டும் ஜொலித்தனவே?
– அதே பொள்ளாச்சி

ப: புற ஊதா விளக்கு. சோப்புத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கிற ஒளிர்பொருள் அதைக் குடித்துவிட்டு நீலமாக உமிழ்கிறது. ட்யூப் வண்ணம் எதுவும் அந்த ஜொலிப்பை எட்டாது. சுற்றியுள்ளதை இருட்டாக்குங்கள், வெறும் தாளை வேட்டியாக விட்டுவிடுங்கள்.

கே: போட்டோ எடுத்து வந்து வீட்டில் சாவகாசமாக வரைந்தால் என்ன குறை?
– பெயர் வேண்டாதவர், சென்னை

ப: செல்போன் ரொம்ப நல்ல பிள்ளை. மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் ‘சரி செய்து’ வெள்ளையாக்கிவிடும். நீங்கள் வரையப் போனது எதுவோ அதையே துடைத்துவிடும். ஆழ்ந்த நீல எல்.இ.டி.யில் முகத்தைத் தட்டையான நீல அட்டையாக்கிவிடும். முத்திரைக்கும் விரல் பிடிக்கும் போட்டோ எடுங்கள், தப்பில்லை. நிறத்தை மட்டும் அங்கேயே தாளின் ஓரத்தில் வண்ணப் பொட்டுகளாக வைத்துவிட்டு வாருங்கள். நெற்றி, கன்னம், நிழல், பின்திரை: நாலு பொட்டு. தெகாகூடப் பெரும்பாலும் குறிப்புகளோடு போய் ஸ்டூடியோவில்தான் முடித்தார். அவருடைய குறிப்பு கையால் எடுத்தது.

கே: பாடகரின் நிழலில் எங்கிருந்து பச்சை வருகிறது? மேடையில் பச்சை விளக்கே இல்லை!
– இயற்பியல் ஆசிரியை, பழனி

ப: ஒரு சிவப்பு விளக்கும் ஒரு வெள்ளை விளக்கும் எரிந்திருக்கும், சரியா? சிவப்பு விளக்கின் நிழலில் வெள்ளை ஒளி மட்டும் விழுகிறது. சுற்றிலும் எல்லாம் சிவந்திருப்பதால் அந்த அப்பாவி வெள்ளையைக் கண் பச்சையாகப் படிக்கிறது. ரம்ஃபோர்ட் பிரபு 1794-ல் இதை எழுதிவிட்டார். உங்களுக்குத் தெரியாததா டீச்சர்! படத்தில் அங்கே பச்சை அடிக்க வேண்டியதில்லை. சிவப்புக்கு நடுவே ஒரு சாம்பலை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பச்சையைப் பார்க்கிறவர்களே கொண்டு வருவார்கள்.

கே: திருவையாறு ஆராதனையில் காலைப் பொழுதில் வரைய ஆசை. அங்கே விளக்குப் பிரச்சினை இல்லைதானே?
– ஸ்ரீரங்கம்

ப: பந்தல் இருக்கிறதே! மேலே கட்டிய துணி எதுவோ, அதுதான் விளக்கு. சிவப்பு-மஞ்சள் ஷாமியானா என்றால் பஞ்சரத்தினம் பாடுகிற அத்தனை வழுக்கைத் தலைகளும் குங்குமம் பூசிக்கொள்ளும். காவிரிப் பக்கத்திலிருந்து வரும் திறந்த வெளிச்சம் கன்னத்தில் குளிர்ந்த நீலம். இந்த இரண்டுக்கும் நடுவில் மூக்கு ஒரு வரப்பு. இடது பக்கம் வெப்பம், வலது பக்கம் குளிர்ச்சி என்று பிரித்துவிட்டால் கூட்டத்தில் ஐம்பது தலையையும் ஒரே மூச்சில் போடலாம்.

கே: நம் பழைய ஓவியர்கள் விளக்கையும் நிழலையும் சட்டை செய்யவே இல்லையே! நாம் ஏன் அவதிப்பட வேண்டும்?
– சிற்பக் கல்லூரி மாணவர், மாமல்லபுரம்

ப: நியாயமான அடி. எஸ்.ராஜம் (1919–2010) கச்சேரி மேடையில் பாடிய வித்வான், அதே கையால் சங்கீத மும்மூர்த்திகளையும் வரைந்த ஓவியர். தியாகராஜருக்கு இன்று நாம் நினைக்கிற முகத்தில் அவருடைய பங்கு பெரிது. அஜந்தா வழியில் ஊறியவர். அவருடைய படங்களில் ஒளி ஒரு மூலையிலிருந்து வராது, கோட்டிலிருந்தே வரும். கோபுலு ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு வரைந்த கறுப்பு-வெள்ளைக் கோடுகளில் ஜில்ஜில் ரமாமணிக்கு எந்த விளக்கும் தேவைப்படவில்லை.

ராஜா ரவிவர்மா வேறு வழி போனார்: 1889-ல் வரைந்த, மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள ‘இசைக் கலைஞர்கள்’ ஓவியத்தில் பதினொரு பெண்களையும் ஒரே திசை ஒளியில் உட்கார வைத்தார். இரண்டு வழியும் ராஜபாட்டை. ராஜம் வழி போக அந்தக் கோடு கைவர வேண்டும். அது வரும்வரை, தம்பி, விளக்கைப் பார்.

கே: ஜாஸ் இசைக்காரர்களை நேரில் பார்த்து வரைந்தவர்கள் உண்டா?
– ஐ.டி. ஊழியர், ஓசூர்

ப: நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பிரிசர்வேஷன் ஹால் 1961-ல் தொடங்கியது. அந்த இடம் அதற்கு முன் ஓர் ஓவியக்கூடம். கடையை விட்டு நகர முடியாத முதலாளி, வாத்தியக்காரர்களைத் தன் கூடத்துக்கே அழைத்து வாசிக்கச் சொன்னார். கூட்டம் ஓவியத்தை மறந்துவிட்டுக் காது கொடுத்தது. நோயல் ராக்மோர் என்ற ஓவியர் அங்கே மூத்த கலைஞர்களை உட்கார வைத்து வரைந்து குவித்தார். ஓவியமும் இசையும் ஒரே கூரையில் குடித்தனம் நடத்தியதற்கு அது அத்தாட்சி. நம் சபாக்களில் கேன்டீனுக்கு ஒதுக்குகிற இடத்தில் பத்தில் ஒரு பங்கை ஓவியர்களுக்குத் தந்தால் நானே வந்து ரிப்பன் வெட்டுகிறேன்.

கே: தம்பூரா போடுகிறவரை என்ன நிறத்தில் வரைவது? யாரும் அவரைக் கவனிப்பதே இல்லை.
– தம்பூரா கலைஞர், நங்கநல்லூர்

ப: கேட்டது நீங்கள் என்பதால் நின்று நிதானித்துச் சொல்கிறேன். போகஸ் பாடகர்மேல் இருக்கும். விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். ஆகவே பின்னால் இருக்கிற நீங்கள் பாடகரைவிடப் பல படி இருட்டில். அந்த இருட்டில் சாம்பல் கலந்த நீலம், குடத்தின் வளைவில் மட்டும் ஒரு தேன் நிற வெளிச்சம், கம்பியை மீட்டுகிற விரல் நுனியில் இன்னொன்று. சியூராவின் ‘சர்க்கஸ் பவனி’யில் (1887–88) ஒன்பது கேஸ் சுடர்களுக்குக் கீழே ட்ராம்போன்காரர் ஊதா இருட்டில் நிற்கிறார், படம் முழுவதையும் அவர்தான் தூக்கிப் பிடிக்கிறார். சுருதி எங்கேயும் பின்னாலிருந்துதான் வரும்.

கே: பின்திரையில் பெரிய விளம்பர பேனர். அதையும் வரையவா?
– மேற்கு மாம்பலம்

ப: எழுத்தை விடுங்கள், நிறத்தை எடுங்கள். ஆரஞ்சு பேனர் பாடகரின் காதோரத்தையும் வெள்ளைத் தலையையும் ஆரஞ்சாக்கியிருக்கும். அதை மட்டும் போட்டால் போதும். கம்பெனிக்காரர் காசு கொடுத்தது வீண்போகாது.

கே: அரையிருட்டில் போட்ட வாட்டர்கலர் காலையில் வெளுத்துப்போயிருக்கிறது.
– புதுச்சேரி

ப: வாட்டர்கலர் காயும்போது வெளுக்கும், அக்ரிலிக் காயும்போது கறுக்கும். இருட்டில் இரண்டும் தெரியாது. வாட்டர்கலரை ஒரு சுற்று தைரியமாகக் கலக்குங்கள், அக்ரிலிக்கை ஒரு சுற்று பயந்து கலக்குங்கள்.

கே: படபடவென்று வெட்டி வெட்டி அடிக்கிற விளக்கில் எப்படி வரைவது?
– திண்டுக்கல்

ப: வரையாதீர்கள். டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதற்குள் நிறுத்திவிடுவார்கள்.

கே: கச்சேரி முடிந்ததும் படத்தை வித்வானிடம் மேடையிலேயே காட்டினேன். “நான் இவ்வளவு மஞ்சளா?” என்று கேட்டுவிட்டு, போட்டோ எடுக்கப் போய்விட்டார். மனசு விட்டுப்போச்சு.
– இளம் ஓவியர், மானாமதுரை

ப: படத்தில் குறை இல்லை, காட்டிய இடத்தில் குறை. மேடையின் மஞ்சள் ஒளியை நீங்கள் படத்துக்குள் ஒரு முறை போட்டுவிட்டீர்கள். அதே மஞ்சள் விளக்கின் கீழே காட்டினால் படத்துக்கு இரண்டாம் முறை மஞ்சள் பூசியதாகிறது. அவரோ மூன்று மணி நேரம் அந்த ஒளியிலேயே உட்கார்ந்து, அதை வெள்ளை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணை வெளிச்சத்தில் காட்டுங்கள். முந்தைய இரவின் மேடை முழுவதும் அதில் தெரியும். அப்படியும் அவர் மசியவில்லை என்றால், எட்டு மணிக்குப் போனதற்கு டிபனாவது உறுதி.